நிதாய் வேஷம்

பூரபிக்கு நாடகம் என்றாலே ஆகாது. பாலூர்காட்டில் பிறந்து வளர்ந்தவள் இப்படிச் சொல்லலாமா என்று கேட்டால், பாலூர்காட்டில் இருப்பவள்தான் சொல்ல வேண்டும் என்பாள். தெருவுக்கு ஒரு நாடகக் குழு, வீட்டுக்கு ஒரு நடிகன். பாகற்காய் விற்கிறவன்கூடத் தராசைக் கீழே வைத்துவிட்டு, போன வருஷ நாடகத்தில் இரண்டாம் அங்கம் ஏன் சரியில்லை என்று விளக்குவான். அந்த ஊரிலேயே மின்சார ஆபீஸ் குமாஸ்தா ஹிமாங்ஷு பாலித்துக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை, ஒரே ஒரு பழக்கம்தான் என்றார்கள். அந்த ஒன்று என்ன என்று அவள் அப்பா விசாரிக்காமல் விட்டுவிட்டார்.

ஆபீஸ் விட்டால் ஒத்திகை. காசு கிடையாது, மாதாமாதம் குழுவுக்குச் சந்தா கட்டுவதே இவர்தான். அப்படிக் கட்டி வாங்கிய வேஷமாவது ராஜா வேஷமா? ஒரு ஜமீன் வீட்டுக் கதையில் நிதாய் என்ற கிழட்டு வேலைக்காரன். இளவட்டமாக இருந்தபோது தலையில் மாவைப் பூசிக்கொண்டு நிதாய் ஆனவர், தலை நிஜமாகவே நரைத்த பிறகும் அதே நிதாய்தான். குழு அந்த நாடகத்தை விடவில்லை, நாடகம் இவரை விடவில்லை.

“வீட்டுல ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடிக்கத் தெரியாது. அங்க போய் ஊருக்கெல்லாம் தண்ணி தூக்குறாராம். இதை நான் டிக்கெட் வாங்கி வேற பாக்கணுமா?” என்பாள் பூரபி. ஒரு தடவைகூடப் போகவில்லை.

ஆனால் அந்த நாடகத்தில் பாதி அவளுக்கு மனப்பாடம். வீட்டில் வசனம் சொல்லிப் பார்க்கும்போது எஜமானியம்மாளின் பேச்சை யாராவது எடுத்துக்கொடுக்க வேண்டுமே. அரிவாள்மணையில் ராய்கோர் மீனை அரிந்துகொண்டே அவள் எடுத்துக்கொடுப்பாள். உணர்ச்சி மருந்துக்கும் இருக்காது. ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற குரல். அவரும் நகம் வெட்டிக்கொண்டே தன் பங்கை முணுமுணுப்பார்.

“இதுல என்னங்க பிரயோஜனம்?” என்று எரிச்சலாகக் கேட்பாள்.

“பிரயோஜனம் இருந்தா ஆபீஸ்லயே செய்ய வெச்சிருப்பாங்களே” என்று சிரிப்பார்.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. சண்டையும் சிரிப்புமாகக் காலம் ஓடிவிட்டது. ஓய்வு பெற்ற மறு வருஷம் ஹிமாங்ஷுவைப் பக்கவாதம் படுக்கையில் தள்ளியது. வலக்கை போயிற்று, பேச்சும் போயிற்று. கண் மட்டும் அவளைப் பின்தொடரும். தெரிந்து பார்க்கிறாரா, சும்மா பார்க்கிறாரா என்று சொல்ல முடியாத பார்வை. பூரபி கடவுளிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. தன்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேச வேண்டும், வசவாக இருந்தாலும் சரி, அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. கரண்ட் போனால் நாடக வசனத்தைச் சொல்வது அந்த வீட்டில் பழைய கேலி. தீப்பெட்டியைத் தடவிக்கொண்டே அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது: “நிதாய், விளக்கு எங்கே?”

கட்டிலிலிருந்து பதில் வந்தது. “எண்ணெய் தீந்து போச்சும்மா. ஆகாசத்துல நிலா இருக்கே, போதாதா?”

பூரபி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். மூச்சு வந்ததும் ஓடிப்போய் அவர் தாடையைப் பிடித்து, “என்னைத் தெரியுதா? பசிக்குதா?” என்று கேட்டாள். வாய் மூடிக்கொண்டது. எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாள். கடைசியில் விட்டுக்கொடுத்து, எஜமானியம்மாளாகவே, “நிதாய், பெரியவர் சாப்பிட்டாரா?” என்றாள்.

“கோபத்தைச் சாப்பிட்டுட்டுப் படுத்துட்டாரும்மா” என்று கணீரென்று வந்தது.

டாக்டர் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “பாட்டு, வசவு, மந்திரம், இந்த மாதிரி பழகிப்போனதெல்லாம் சில பேருக்குத் தங்கிடும்மா. தடத்துல வண்டி தானா ஓடுற மாதிரி. அதுல அர்த்தம் தேடாதீங்க.”

அர்த்தம் தேடாமல் அவள் வேறு எதைத் தேடுவாள்?

செய்தி கேட்டு, குழுவை நடத்தும் ஸ்ரீமந்தர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். வசனத்தைக் கேட்டதும் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாத்தீங்களா அண்ணி, மனுஷன் விழுந்தாலும் கலை விழாது” என்றார்.

“கலை இங்கதான் இருக்கு, டீ கூடக் குடுக்கலாம். மனுஷன் எங்கன்னு சொல்லுங்க” என்றாள் பூரபி.

வசனங்கள் நிலைக்கவும் இல்லை. குளிர்காலம் வந்தபோது விளக்கு வசனம் உதிர்ந்தது. அடுத்த மாதம் பெரியவர் வசனம். எடுத்துக்கொடுத்தால் உதடு கொஞ்சம் அசையும், பிறகு அடங்கிவிடும். மீதி இருந்தது ஒன்றுதான், அவள் இதுவரை வேண்டுமென்றே எடுத்துக்கொடுக்காத ஒன்று.

கடைசிக் காட்சியில் எஜமானியம்மாள் நிதாயை வீட்டை விட்டுத் துரத்துகிறாள். நிதாய், “போறேம்மா” என்று சொல்லிவிட்டுப் போகிறான். புறப்படுகிறவர் வாயிலிருந்து அந்தச் சொல் அந்த ஊர் வீடுகளில் வரக் கூடாது; வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஹிமாங்ஷு முதல் தடவை வீட்டில் அதைச் சொன்னபோதே பூரபி மீனைப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

“வெளக்கு வெச்ச வீட்டுல என்ன பேச்சு இது? வர்றேன்னு சொல்லுங்க.”

“நிதாய் திரும்பி வரமாட்டான், பூரபி. கதையே அதுதான்.”

“உங்க நிதாய் எந்தக் கிணத்துலயோ விழட்டும். இந்த வீட்டுல வர்றேன்னுதான் சொல்லணும்.”

அன்றிலிருந்து மேடையில் அவர் என்ன சொன்னாரோ, வீட்டில் சொன்னது “வர்றேம்மா”தான். அவளுக்காக மட்டும் மாற்றிச் சொன்ன சொல். இப்போது அதை எடுத்துக்கொடுத்து, அவர் “வர்றேம்மா” என்று சொல்லிவிட்டால் டாக்டர் சொன்னது பொய். உள்ளே அவர் இருக்கிறார், எதிரே இருப்பது யார் என்று தெரிகிறது என்று அர்த்தம். மற்றதைச் சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில்தான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் விட்டால் அதுவும் உதிர்ந்துவிடும்.

ஒரு காலை, பொரிக் கிண்ணத்தோடு கட்டிலில் உட்கார்ந்தாள். ஜன்னலோரம் வெயில் வந்திருந்தது. அவர் குரங்குக் குல்லாவைக் காதுக்கு மேல் ஏற்றிவிட்டு, அதே ரேஷன் கடைக் குரலில் சொன்னாள்: “போறதுன்னா போ, நிதாய். உன்னை யாரு இங்க கட்டி வெச்சிருக்கா?”

ஹிமாங்ஷுவின் கழுத்து நிமிர்ந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மறந்துவிட்ட மௌனம் இல்லை அது. கிழவன் ஒருவன் வீட்டை ஒரு தடவை சுற்றிப் பார்க்கிற மௌனம்.

“போறேம்மா” என்றார். “கதவைச் சாத்திக்கோங்க.”

வீட்டில் முணுமுணுத்த குரல் இல்லை. கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் போய்ச் சேர வேண்டிய குரல். அதில் அழுகை இல்லை, குறை இல்லை. துரத்தப்பட்டவன் தன்னைப் பற்றி நினைக்கவே இல்லை. திறந்து கிடக்கப்போகும் கதவைப் பற்றித்தான் அவனுக்குக் கவலை. இத்தனை வருஷமும் ஊர்க்காரர்கள் இதைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். தான் ஒருத்திதான் கேட்கவில்லை. எவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறார்! போயிருக்கலாமே, ஒரே ஒரு தடவை போயிருக்கலாமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஆனால் அவர் தன்னிடம் பேசவில்லை. எஜமானியம்மாளிடம் பேசினார்.

“வீட்டுல அப்படிச் சொல்லாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று கத்தினாள். “வர்றேன்னு சொல்லுங்க. ஏங்க, நான்தாங்க. வர்றேன்னு ஒரு தடவை சொல்லுங்க.”

ஹிமாங்ஷு முகத்தைத் திருப்பி அவளையே பார்த்தார். கோபமில்லாமல், பொறுமையாக, எதிரே இருப்பவர் அடுத்த வசனத்தை எடுத்துக்கொடுக்கக் காத்திருக்கும் நடிகரைப் போலப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நிதாய்க்கு அதற்கு மேல் வசனம் இல்லை.