மஞ்சள் துணி குத்திய பெஞ்சு

அம்சவேணி டீச்சருக்கு எதையும் அரைகுறையாகச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது. நகரியில் பிறந்து, திருப்பதியில் டீச்சர் ட்ரெயினிங் முடித்து, பிச்சாட்டூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவள். பூகம்பம் என்றால் மேசையை உலுக்கிக் காட்டுவாள். அந்தப் பழக்கம்தான் இன்று அவளுக்கே வினையாக வந்து நின்றது.

போன வாரம் எட்டாம் வகுப்பில் ஹிட்லர் யூதர்களைக் கொன்ற கதையை நடத்தினாள். முதலில் கணக்கெடுப்பு என்று பேர் எழுதினார்கள், பிறகு மஞ்சள் துணி நட்சத்திரம் தைத்துக்கொள்ளச் சொன்னார்கள், பிறகு ரயிலில் ஏற்றிக் கொண்டுபோய் லட்சக்கணக்கில் கொன்றார்கள் என்றாள். அதோடு விட்டாளா? மஞ்சளில் நனைத்த துணியைக் கிழித்து, கைக்கு எட்டிய பெஞ்சுகளில் இருந்த பிள்ளைகளின் சட்டையில் குத்தினாள். ஒரு மணி நேரம் அவர்களோடு யாரும் பேசக் கூடாது என்றாள். அந்தப் பள்ளியில் வலப்பக்கம் தமிழ்ப் பாடம் படிப்பவர்கள், இடப்பக்கம் தெலுங்கு. டீச்சர் கைக்கு எட்டியது வலப்பக்கம்; துணி குத்தியதெல்லாம் தமிழ்ப் பிள்ளைகளுக்கே. நல்ல புத்திசாலி, போங்கள்!

இன்று கல்வி அதிகாரி தாய்மொழிக் கணக்கெடுக்கும் பதிவேட்டோடு வந்துவிட்டார். எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மதராஸுக்கு என்று எல்லையே கொதித்துக்கொண்டிருந்த சமயம். பத்துப் பேராவது வீட்டில் தமிழ் என்று பேர் கொடுத்தால்தான் தமிழ் வகுப்பு, இல்லையென்றால் மூடிவிடுவார்கள். இருப்பதே பதினோரு பேர்.

"தமிழ்ப் பிள்ளைங்க எழுந்திருங்க" என்றார். ஒருவரும் எழவில்லை.

முன்பெஞ்சு செல்லியம்மா அழுகிற குரலில் கேட்டாள்: "டீச்சர், பேரு எழுதிக்கினா எங்கள ரயில்ல ஏத்தி இட்டுக்கினு போய்டுவாங்களா?"

ஹிட்லர் ஊரிலும் முதலில் சும்மா கணக்குத்தான் என்றார்கள் என அம்சவேணியே சொல்லியிருந்தாள். இப்போது அந்தப் பதிவேட்டைப் பார்க்க அவளுக்கே பயமாக இருந்தது.

"ஒருத்தர்கூட இல்லையாம்மா? பூஜ்யம்னு போட்டுடட்டுமா?" அதிகாரி பேனாவைத் திறந்தார்.

இடப்பக்கத்தில் வெங்கடலட்சுமி எழுந்தாள். வீட்டில் தெலுங்கு மட்டுமே பேசுகிறவள். அன்று பேசக் கூடாது என்ற பிறகும் செல்லியம்மாவோடு பேசி, டீச்சரிடம் குட்டு வாங்கியவள்.

"என் பேரும் எழுதுங்க சார். அவங்கள ஏத்தினா என்னையும் ஏத்துங்க."

செல்லியம்மா எழுந்தாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக மற்றப் பத்துப் பேரும் எழுந்தார்கள்.

"நீ தெலுங்குதானே, உட்காரு" என்று அதிகாரி வெங்கடலட்சுமியை அதட்டினார். பதினோராவது பேரை எழுதி முடிக்கும்வரை அவள் உட்காரவில்லை. அன்று தான் குட்டிய அந்தத் தலையைப் பார்த்து, அதிகாரி இருக்கிறார் என்றும் பாராமல், அம்சவேணி அழுதுவிட்டாள்.