மொட்டைமாடியில் ஏழு மெத்தைகள்

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலை. நான் இன்னும் மெத்தையின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். கையில் டீ. மெத்தை அக்கா அதற்குள் தலைமாட்டுப் பக்கத்தைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டுவிட்டார். "எழுந்திரிம்மா பதினேழு, வெயில் போயிடும்" என்கிறார். வெயில் இப்போதுதான் வந்திருக்கிறது, அதற்குள் எங்கே போகப்போகிறது என்று கேட்க நான் வாயெடுப்பதற்குள் மெத்தை எனக்கடியிலிருந்து உருவப்படுகிறது. டீ சிந்தாமல் எழுந்து நிற்பதற்கு நான் பழகிக்கொண்டு வெகுநாளாகிறது.

பதினேழு என்பது என் மெத்தையின் எண். வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி இது. மூன்று மாடி, முப்பத்தொரு மெத்தை. ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்புப் பெயிண்டில் எண் எழுதியிருக்கும். அக்காவுக்கு எங்கள் பெயர்கள் தங்குவதில்லை, எண்தான் தங்கும். "பன்னெண்டு ஊருக்குப் போயிருக்கு", "நாலுக்கு ரெண்டு நாளா காய்ச்சல்" என்றுதான் சேதி சொல்வார். அவரை வேலைக்கு எடுத்தது பெருக்கித் துடைக்க, துணி துவைக்க. மெத்தைகளைப் பார்த்துக்கொள்ள யாரும் சொல்லவில்லை. அவராகவே இழுத்துப் போட்டுக்கொண்டது. பதினோரு வருடமாக அதைச் செய்துவருவதால் இப்போது அவருடைய பெயரே அதுவாகிவிட்டது.

ஐம்பது வயதிருக்கும். ஊதினால் பறந்துவிடுவார் என்று சொல்லக்கூடிய உடம்பு. அந்த உடம்பு மெத்தையைத் தலையில் ஏற்றிக்கொண்டு படியேறுவதைப் பார்க்க வேண்டும். மெத்தை இரண்டு பக்கமும் மடிந்து தோளுக்குக் கீழே தொங்கும். எதிரே இறங்கி வருகிறவர்களுக்கு, கால் முளைத்த மெத்தை ஒன்று மாடிக்குப் போவதாகத்தான் தெரியும். யாராவது கைகொடுக்க வந்தால் மெத்தைக்குள்ளிருந்து குரல் வரும்: "தள்ளிக்க, ரெண்டு பேர் பிடிச்சா ரெண்டு பேரும் விழுவோம்."

ஆளைப் பார்த்து எடைபோடுகிறவர்கள் உண்டு. அக்கா மெத்தையைப் பார்த்து ஆளைச் சொல்வார். ஆறு ஒருக்களித்துப் படுப்பவள். இருபத்திரண்டு எறும்பு வரும் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்காமல் படுக்கையில் பிஸ்கட் தின்கிறவள். என்னைப் பற்றி ஒருநாள், "நீ எங்கம்மா படுக்கற, ஓரத்துல உக்காந்தே இருக்க. இந்தப் பக்கம் பாரு, எப்படி அமுங்கிக் கெடக்கு" என்றார். பதிப்பகத்துக்குப் பிழை திருத்துகிறவள் நான். விடிய விடியக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தாள்களைப் பார்ப்பது என்னைப் பெற்ற தாய்க்குக்கூடத் தெரியாது. தாயிடம் தப்பிவிட்டேன், மெத்தையிடம் மாட்டிக்கொண்டேன்.

அவருடைய கைவரிசையை நான் முழுதாகப் பார்த்தது இங்கே வந்த இரண்டாம் மாதம். ஜன்னலைத் திறந்துபோட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அன்று மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. திரும்பி வந்து கையை வைத்தால், மெத்தைக்குள் கை புதைந்து தண்ணீர் மேலே வருகிறது. இதைத் தூக்கிப் போட வேண்டியதுதான் என்று நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது அக்கா வந்தார். குனிந்து ஒருமுறை மோந்தார். "மழைத் தண்ணிதான், நல்ல தண்ணி" என்றார், ஏதோ எனக்குச் சலுகை கிடைத்த மாதிரி.

உறையைக் கழற்றினார். வராந்தாவில் இரண்டு செங்கல் வைத்து, மெத்தையை அதன்மேல் பக்கவாட்டில் நிறுத்தினார். கீழே தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. சொட்டும் சத்தம் குறையும்வரை பக்கத்தில் குந்தியிருந்து வேறு யாருடைய சட்டைக்கோ பொத்தான் தைத்தார். சத்தம் குறைந்ததும் ஒரு மூலை மட்டும் தரையில் படும்படி மெத்தையைச் சாய்த்தார். நின்றே போயிருந்த தண்ணீர் மறுபடி அந்த மூலையிலிருந்து ஒழுகியது. அதற்குப் பிறகுதான் ஆச்சரியம். மெத்தையைக் கிடத்தி, காலைக் கழுவித் துடைத்துக்கொண்டு, அதன்மேல் ஏறினார். ஒரு காலை வைத்து, குதிகாலை ஒட்டி அடுத்த காலை வைத்து, இடைவெளியே இல்லாமல் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தார். ஒரு வரிசை முடிந்ததும் பக்கத்து வரிசை. உழுகிறவர்கள்தான் அப்படி ஒழுங்காகப் போவார்கள். அவர் நடக்க நடக்கத் தண்ணீர் அவருக்கு முன்னால் நகர்ந்துபோனது. முறுக்கிப் பிழிந்தால் வேலை சீக்கிரம் முடியாதா என்று என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். "முறுக்கினா உள்ளுக்குள்ள கிழியும். வெளில தெரியாது. ஆறு மாசத்துல குழி விழுந்துடும்" என்றார் நடந்துகொண்டே.

ஒன்றரை வாளி. என் கண்ணால் பார்த்தேன். நான் படுத்துத் தூங்கும் ஒரு பொருளுக்குள்ளிருந்து ஒன்றரை வாளித் தண்ணீரை அந்த ஒடிசலான பெண் காலாலேயே வெளியே கொண்டுவந்தார். பிறகு துண்டுகள். விடுதியை விட்டுப் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் பழைய துண்டுகளை எல்லாம் ஒரு மூட்டையாக வைத்திருக்கிறார். மடித்து வைத்து முழங்காலால் அமுக்குவது, நனைந்ததும் அடுத்தது. தேய்க்கவே கூடாதாம், அமுக்க மட்டும்தான் வேண்டுமாம். கடைசியில் சோடா மாவைத் தூவி, அரைநாள் விட்டு, பிரஷ்ஷால் தட்டி எடுத்தார். பஞ்சு மெத்தை என்றால் நேர்வெயில், ஸ்பாஞ்ச் என்றால் காற்றோடு கூடிய நிழல், ரொம்ப வெயில் பட்டால் மஞ்சளாகி உதிர்ந்துவிடும் என்று கணக்கு வைத்திருக்கிறார். மூன்றாம் நாள் என் மெத்தை என் கட்டிலுக்கு வந்தது. முகத்தைப் புதைத்து மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. பரவாயில்லையே என்று மட்டும் சொன்னேன்.

இவ்வளவு கெட்டிக்காரருக்கு ஒரு பைத்தியக்காரத்தனமும் இருந்தது. வாரத்தில் ஒருநாள், சில வாரம் இரண்டு நாள், காய்ந்த மெத்தைகளையும் மாடிக்குத் தூக்குவார். ஆறோ ஏழோ இருக்கும். எந்த நாள் என்று சொல்ல முடியாது, யாருடையது என்றும் சொல்ல முடியாது. ஏன் என்று கேட்டால், "மெத்தைக்கும் மூச்சு முட்டும்ல" என்பார். மாலையில் களைத்து வந்தால் கட்டில் பலகையாகக் கிடக்கும். மெத்தை வர ஏழு மணி ஆகும். எல்லாரும் முணுமுணுத்தோம். முணுமுணுப்பதோடு நிறுத்திக்கொள்ளத் தெரியாதவள் நான். போன மாதம் உட்கார்ந்து வார்டனுக்கு ஒரு மனு எழுதினேன். "நனைந்த மெத்தைகளை மட்டுமே மாடிக்கு எடுத்துச் செல்ல வேண்டும்." ஒரு பிழை இல்லாத மனு. அறை அறையாகப் போய் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினேன்.

வார்டன் நல்ல மனுஷி, ஆனால் யாராவது ஒரு விதியைக் கேட்டால் இரண்டாகக் கொடுப்பார். என் வாசகத்தை அப்படியே தகவல் பலகையில் ஒட்டி, அதன் கீழே தன் பங்குக்கு ஒரு வரியைச் சேர்த்திருந்தார். மெத்தையை நனைத்தவர் யார், எப்படி என்று அவரிடம் தெரிவிக்க வேண்டும். காரணம் சரியில்லை என்றால் அடுத்த மாதம் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு அந்த இரண்டாவது வரி உறைக்கவில்லை. என் மெத்தை என் கட்டிலிலேயே இருந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

பத்து நாள் கழித்து ஒரு புதன்கிழமை காலை. அறைத்தோழிகள் எல்லாம் வேலைக்குப் போயிருந்தார்கள். நான் துணி உலர்த்த மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில், பழைய பெஞ்சுகள் இரண்டின் மேல் ஒரே ஒரு மெத்தை கிடந்தது. பக்கத்தில் அக்கா. கொஞ்சம் தள்ளி ஒன்பதாம் எண் மெத்தைக்காரி நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண், இருபத்து நாலு வயது, வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. கையில் பயணப்பை.

"என்னக்கா, இன்னைக்கு ஒண்ணே ஒண்ணுதானா? மத்ததுக்கெல்லாம் மூச்சு முட்டலையா?" என்றேன் சிரித்துக்கொண்டே.

யாரும் சிரிக்கவில்லை. ஒன்பது பையின் பிடியைப் பார்த்தபடி நின்றாள். அவள் காது மடல் வரை சிவந்திருந்தது. மெத்தையில் நடுவாக்கில் ஒரு தாம்பாளம் அளவுக்கு ஈரம். அலசி, அமுக்கி, வினிகர் தெளித்து எல்லாம் ஆகியிருந்தது. ஆனாலும் அது மழைத் தண்ணீர் இல்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டது. வளர்ந்த பெண். தூக்கத்தில், அவளையறியாமல்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஒண்ணு மட்டும் காஞ்சா யாருதுன்னு கேப்பாங்க. ஏழு காஞ்சா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அவ்ளோதாம்மா விஷயம்" என்றார், வெங்காயத்தை எப்படி நறுக்குவது என்று சொல்லும் அதே குரலில்.

நாலு மாதமாக என் மெத்தையும், ஆறும், பன்னிரண்டும், இருபத்திரண்டும் ஏன் வெயில் காய்ந்தன என்பது ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. ஒற்றை மெத்தையை மறைப்பதற்காக இந்தப் பெண்மணி வாரா வாரம் ஆறு மெத்தைகளை மூன்று மாடி சுமந்து ஏறி, மூன்று மாடி சுமந்து இறங்கியிருக்கிறார். எங்கள் முணுமுணுப்பை வாங்கிக்கொண்டு, கேட்டவர்களுக்கு ஒரு பைத்தியக்காரப் பதிலைச் சொல்லிக்கொண்டு. ஒன்பதுக்கு முன்னால் வேறு யார் யாருக்காகவெல்லாம் ஏறினாரோ. என் மனுவில் ஒன்பதும் கையெழுத்துப் போட்டிருந்தாள், நாலாவதாக, உருண்டையான எழுத்தில். போடாமல் இருந்திருந்தால், ஏன் என்று நான்தான் முதலில் கேட்டிருப்பேன்.

அவள் இதற்குள் இரண்டு விடுதி மாறிவிட்டாளாம். இரண்டிலும் இதே காரணம்தான். கடைக்கு நடந்து போகும் தூரத்தில் இனி வேறு இடம் கிடையாது. இதை விட்டால் வேலையையும் விட்டுவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். வார்டன் கேட்டு எல்லார் எதிரிலும் பதில் சொல்வதைவிடத் தானே போய்விடலாம் என்று பையைக் கட்டிவிட்டாள். இதை அவள் சொல்லி முடிக்கும்போது அக்கா, "நீ போயிட்டா மெத்தை காஞ்சிடுமா?" என்று கேட்டார். நிஜமாகவே பதில் வேண்டும் என்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தார்.

அப்போது படியில் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. மாடிப்படிக்குக் கீழேதான் வார்டன் அறை. அவர் கண்ணில் படாமல் ஒரு தலையணைகூட ஏற முடியாது. மூச்சு வாங்க வாங்க அவர் ஏறிவருவது தெரிந்தது. மெத்தையைத் திருப்பிப் போடலாம் என்றால் ஈரம் மறுபக்கமும் ஊறியிருந்தது. மேலே துண்டைப் போட்டால், துண்டை எடு என்பார். நான் வாழ்நாளெல்லாம் சொற்களோடு மாரடிக்கிறவள், அந்த நேரத்துக்கு உதவ ஒரு சொல் வரவில்லை.

அக்கா மெத்தையின் மேல் ஏறி மல்லாந்து படுத்தார். அவசரமே இல்லை. இடுப்பைக் கொஞ்சம் நகர்த்தி, முதுகைச் சரியாக அந்த ஈரத்தின்மேல் பொருத்தி, காலை நீட்டிக்கொண்டார்.

வார்டன் வந்து பார்த்தார். யாருடைய மெத்தை, எப்படி நனைந்தது என்று கேட்க வந்தவருக்குக் கேள்வி மறந்துபோனது. பதினோரு வருடத்தில் அக்கா அவர் எதிரில் நாற்காலியில்கூட உட்கார்ந்ததில்லை.

"நனையலைம்மா. முதுகு பிடிச்சுக்கிச்சு. காத்தோட்டமா கொஞ்ச நேரம் படுத்தா விடும்னு நான்தான் ஒண்ணைத் தூக்கியாந்தேன்" என்றார் அக்கா, வானத்தைப் பார்த்தபடி.

வார்டனுக்குக் கோபம் வந்தது. பிள்ளைகள் படுக்கும் மெத்தையில், அதுவும் வேலை நேரத்தில், புது விதி போட்டுப் பத்தே நாளில் இப்படியா என்று கேட்டார். இன்னொரு முறை பார்த்தால் வேலைக்கு வரவே வேண்டாம் என்றார். ஒவ்வொன்றுக்கும் அக்கா "சரிங்கம்மா" என்றார். எழுந்திரு என்றதற்கும் "சரிங்கம்மா" என்றார், ஆனால் அசையவில்லை. வார்டன் என் பக்கம் திரும்பினார். "ரொம்ப வலின்னு சொன்னாங்க மேடம்" என்றேன். மனு எழுதினவளே இப்படிச் சொன்னதும் வார்டன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். சாவிச் சத்தம் கீழ்த்தளம் வரை போய் நின்றது.

ஒன்பது அழ ஆரம்பித்தாள். "கடைக்கு நேரமாகலையா உனக்கு? பையை உள்ள வெச்சுட்டுப் போ" என்றார் அக்கா. அவள் நின்றாள். "போம்மா" என்றார் மறுபடி. அவள் பையைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்கு இறங்கினாள்.

எழுப்பிவிடலாம் என்று நான் கையை நீட்டினேன். அக்கா அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. படிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பெஞ்சுகளை விட்டு இறங்கி, வெயில் விழும் இடமாகப் பார்த்து வெறும் தரையில் குப்புறப் படுத்தார். தோளிலிருந்து இடுப்பு வரை முதுகு முழுவதும் நனைந்திருந்தது. கையைப் பின்னால் கொண்டுபோய், அதன்மேல் கிடந்த கூந்தலை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.