பொன்னுரங்கத்தின் பாடு

ஏரியில் யார் எந்த நாள் வலை வீசுவது என்று சீட்டுப் போட்டுக் கொடுக்கும் முறைக்குக் கோட்டைக்குப்பத்தில் பாடு என்று பெயர்.

பொன்னுரங்கம் சிரித்தால் மூன்று குப்பத்துப் பெண்களும் உலையை மறப்பார்கள். அங்காளம்மாளிடமும் வந்து சிரித்தான். "என் பாடு எப்போ வரும்மே?"

"ஊட்டுக்கு ஊடு பல்லைக் காட்றவனுக்கு இங்க பாடு கிடையாது. திருந்திட்டு வா."

திருந்த அவன் தேடிய வழியைப் பாருங்கள்: "ஒரே வருசம்" என்று சொல்லிவிட்டு ஒல்லாந்தர் கப்பலில் ஏறிவிட்டான்.

பதினோரு வருடமாக, ஆண்கள் மட்டும் கூடும் சீட்டுக்குப் போய் அவன் பெயரைச் சேர்த்தாள் அங்காளம்மாள். அவன் நாளில் வேறு எவனும் வலை போடாதபடி தோணியில் காவலும் இருந்தாள்.

இந்த வருடம் ஊர்த் தலைவர் எரிந்து விழுந்தார். "வராதவனுக்கு இன்னாம்மா பாடு?"

"திருந்திட்டு வான்னு அனுப்புன வாய் இது. அவன் பாடு இல்ல நைனா, என் பாடு."