லேகியம் தின்ற சைக்கிள்காரன் யார்?

சம்பளத்துக்குப் பந்தயச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஊக்கமருந்து தின்று பிடிபட்டால் ஊரறியச் சொல்ல வேண்டுமா, உள்ளுக்குள்ளேயே முடித்துக்கொள்ள வேண்டுமா என்று பத்திரிகையில் பெரிய மனிதர்கள் வாதம் செய்கிறார்கள். என்னைக் கேட்டிருந்தால் எப்போதோ தீர்ந்திருக்கும். இந்த வழக்கை அறுபதுகளின் தொடக்கத்திலேயே இலங்கை மலைநாட்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடத்தி முடித்துவிட்டோம்.

மாரியம்மன் திருவிழாவுக்கு நோர்வூட்டிலிருந்து ஹட்டன் வரை சைக்கிள் போட்டி நடக்கும். அந்த வருஷம் முதலில் வந்தவர் என் அக்கா புருஷன். இரண்டாவது நான். ஏற்றத்தில் எனக்கு நாக்குத் தள்ளியது. மச்சான் சிரித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். ஹட்டனில் கட்டியிருந்த ரிப்பனை அறுத்துக்கொண்டு போனவர் நிற்கவேயில்லை. தோட்டத் தலைவர் லொறி பிடித்துத் தேடிப் போனபோது, ஹட்டனையும் தாண்டி வட்டவளை ஸ்டேஷனில் உட்கார்ந்து, ரிப்பன் எங்கே என்று போர்ட்டரைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். சட்டைப் பையில் பாதி கடித்த கஞ்சா லேகிய உருண்டை.

பள்ளிக்கூடத்து யாழ்ப்பாண மாஸ்டர், பேரைச் சொல்லியே அறிவிக்க வேண்டும் என்றார். தலைவருக்கோ தோட்டத்து மானம் பெரிது. பஜனையில் முன்னால் நின்று பாடுகிற மச்சான் பேர் கெட்டால் சாமி பேரும் சேர்ந்து கெடும் என்றார். என்னையும் வாயைத் திறக்காதே என்று கேட்டுக்கொண்டார். அக்கா முகத்துக்காகச் சம்மதித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் தலைவர் அறிவித்தார்: முதல் இரண்டு பேரில் ஒருவர் லேகியம் தின்றிருக்கிறார், யார் என்பது வேண்டாம், இந்த வருஷம் யாருக்கும் கப்பு கிடையாது.

பேரை மறைத்தால் பழியும் மறைந்துவிடும் என்று நினைத்த மேதாவி அவர். பஜனை பாடுகிறவரை யார் சந்தேகப்படுவார்கள்? ரிப்பனைத் தாண்டி நிற்காமல் போனதைக்கூடச் சாமி அருள் என்றுதான் சொன்னார்கள். எல்லாக் கண்ணும் என் மேல் திரும்பியது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் என் வாயை மோந்து பார்க்காததுதான் பாக்கி. வலப்பனையில் எனக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பா, நிச்சயத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்று ஆள் அனுப்பினார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண்ணை அவ்வளவு பிடித்திருந்தது.

அக்கா இதை மச்சானிடம் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த நாள் பெரட்டில், பேர் கூப்பிடுவதற்கு முன்பே அவர் முன்னால் வந்து நின்றார்.

"லேகியம் தின்னது நாந்தாங்க. எம் மச்சான் வெறும் தேத்தண்ணி குடிச்சுப்புட்டுத்தான் ஓட்டுனாரு. கப்பு அவருக்குத்தாங்க."

அவர் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது. கண் கலங்கியது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. தலைவர் பயந்த மானக்கேடு அன்றைய சிரிப்போடு முடிந்தது. வெள்ளிக்கிழமை பஜனைக்கு மச்சானை வீட்டுக்கே வந்து இழுத்துப் போனார்கள். பகிரங்கமாகச் சொன்னதில் கெட்டுப்போனது எதுவுமில்லை. மறைத்ததில்தான் தின்னாதவன் செத்தேன்.

பெண்ணின் அப்பா அந்த ஞாயிற்றுக்கிழமையே நாள் குறிக்க வந்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? லேகியம் தின்கிறவனுக்குப் பெண் கொடுக்கப் பயந்துதானே தள்ளி வைத்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் நிதானமாக வெற்றிலையை மடித்தார்.

"லேகியம் யாருதான் திங்கல, மாப்புள? அதத் தின்னுப்புட்டும் ரெண்டாவதா வர்ற ஒடம்புக்கு எப்புடிப் பொண்ணக் குடுக்குறதுன்னுதான் யோசிச்சேன்."