அக்காவின் வாக்குத்தத்த அட்டை

ராஜபாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை. சனிக்கிழமை மதியம் கடையிலிருந்து இறங்கினால் நேராக ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்தான். அங்கே எனக்கு ஒரு அக்கா. உறவெல்லாம் இல்லை, இருவரும் ஒரே சபைக்குப் போகிறவர்கள், அவ்வளவுதான். வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பார். வேதத்தில் வரும் கிரேக்க வார்த்தைகளுக்குப் பொருள் தேடும் கிறுக்கு எங்கள் இருவருக்கும் எப்படியோ ஒரே சமயத்தில் பிடித்தது. ஆளுக்கொரு போன், நான் கடையில் நகல் எடுத்து ஸ்பைரல் போட்ட ஒரு அகராதி, வாரத்துக்கு ஒரு வார்த்தை.

இயேசு மனதுருகினார் என்று வரும் இடங்களில் இருக்கும் கிரேக்கச் சொல் குடலிலிருந்து பிறந்தது என்று ஒரு நாள் பெருமையாகப் போய்ச் சொன்னேன். அக்கா தையல் மெஷினை நிறுத்தக்கூட இல்லை.

"இதுக்கு எதுக்கு ஏட்டி கிரேக்கம்? பிள்ளைக்கு ஒண்ணுன்னா வயித்தைப் பெசையுதுன்னு நாம சொல்லுதோம்லா."

அகராதி அரைப்பக்கம் இழுத்ததை ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அந்தச் சனிக்கிழமைகளில் இருந்த சந்தோஷம் வேறெதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அக்காவின் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் இரண்டு முறை மதுரைக்கு டயாலிசிஸ். போன புத்தாண்டுக் காலை ஆராதனையில் வழக்கம்போல் தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் வந்தன. பார்க்காமல் ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். கைக்கு வந்த வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குத் தருவது. அக்காவுக்குக் கிறிஸ்துவின் தழும்புகளால் குணமானதைப் பற்றிய வசனம் வந்தது. அழுதுகொண்டே சிரித்தார். வீட்டுக்குப் போனதும் அதை வீட்டுக்காரரின் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார்.

அடுத்த சனிக்கிழமை நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மண்டைக்கனம் விடவில்லை. அந்த வசனத்தைக் கிரேக்கத்தில் தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

"அக்கா, இது உடம்பு குணமாகுறதைச் சொல்லல. முன்னாடி பின்னாடி வாசிச்சா, பாவத்துல இருந்து குணமானதைத்தான் சொல்லுது."

அக்கா அகராதியை வாங்கிப் பார்த்தார். சரிதான் என்றார். அன்று வேறெதுவும் படிக்கவில்லை.

மூன்று மாதத்தில் அக்காவின் வீட்டுக்காரர் இறந்துபோனார். அடக்கத்துக்குப் பிறகு அக்கா என் போனை எடுக்கவில்லை. நான் சனிக்கிழமைதோறும் அந்த வாரத்து வார்த்தையை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தேன். நீல டிக் விழும், பதில் வராது. கடையில் போன் அதிரும்போதெல்லாம், மெஷினில் தாள் சிக்கிக் கிடந்தாலும் விட்டுவிட்டு ஓடி வந்து பார்ப்பேன். அவராக இருக்காது.

பொறுக்க முடியாமல் போன மாதம் நேரிலேயே போனேன். "வாங்க, உக்காருங்க" என்றார். ஒருநாளும் அவர் என்னை அப்படி அழைத்ததில்லை, எப்போதும் "வா ஏட்டி"தான். காபி போட்டுக் கொண்டுவந்தார். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்றேன்.

"தப்பாச் சொல்லலியே. நீங்க சரியாத்தான் சொன்னீங்க."

தையல் மெஷினில் கிடந்த துணியை எடுத்து மடித்தார்.

"கடைசி அன்னைக்கு அவிய செவத்துல இருந்த அந்த அட்டையைக் கைகாட்டி, 'நான் பொழச்சிருவேன்லா'ன்னு கேட்டாவ. ஆமான்னு சொல்லத்தான் வந்தேன். நீங்க சொன்னது ஞாபகத்துக்கு வந்துட்டு. வாய் வரல. எம் மூஞ்சியவே செத்த நேரம் பாத்தாவ. பொறவு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாவ."

என்னைத் திட்டமாட்டாரா, ஒரு தடவை ஏட்டி என்று கத்தமாட்டாரா என்று ஏங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

"காபி ஆறுது, குடிங்க" என்றார்.