தெளிவாக இருந்த பிலிம்

அந்தப் பூநாரைப் படங்களைப் பாழாக்கியவன் காசிம் அல்ல. நான்.

ராயபுரத்துப் பள்ளியொன்றில் அறிவியல் ஆசிரியராகச் சேருமுன் பத்திரிகையில் படமெடுத்தவன் நான். ஞாயிறுதோறும் ஆறு மாணவர்களுடன் ரயிலேறி எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போவேன். பறவைகளைப் பார்ப்போம், படமெடுப்போம். அன்று பூநாரைகளை முதலில் கண்டவன் காசிம்தான். பதினான்கு வயது.

"சார், அதோ நிக்குது பாருங்க."

"உப்புக் குவியல்டா மாமு. கண்ணு அவிஞ்சி பூட்ச்சா?" என்றான் வேலு.

குவியல் எழுந்து பறந்தது. சிறகடியில் ரோஜா நிறம்.

நண்பரிடம் இரவல் வாங்கிய சிறிய ஜெர்மன் கேமரா என் கையில். முப்பத்தாறு முறை சொடுக்கினேன். சேற்றில் கால் புதைந்தபோது அதைக் காசிமிடம் கொடுத்தேன். ஒரு நிமிடம் இருக்கும்.

மறுநாள் பிலிமைக் கழுவினேன். ஒரு படமும் இல்லை. முழு நீளமும் கண்ணாடிபோல் தெளிவு.

உங்களுக்கு விளக்கியாக வேண்டும். யாராவது கேமராவின் மூடியைத் திறந்து வெளிச்சம் பட்டிருந்தால் பிலிம் கறுத்திருக்கும். தெளிவாக இருந்தால், வெளிச்சமே படவில்லை என்று பொருள். பிலிமின் நுனியை உருளையில் சரியாக மாட்டாமல் மூடியிருக்கிறேன். எத்தனை படம் எடுத்தாயிற்று என்று காட்டும் எண் நகர்ந்தது, பிலிம் நகரவில்லை. பத்திரிகையில் பிலிமுக்குப் பதில் கண்ணாடித் தகடு போட்டே பழகிய கை... எனக்குத் தெரியாதா? பார்த்த கணமே தெரிந்தது.

பள்ளியைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் வரும் நாளில் அந்தப் படங்களை மாட்டுவதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"கேமரா கொஞ்ச நேரம் காசிம் கையில் இருந்தது" என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பத்திரிகை கற்றுத்தந்த திறமை!

"அவன் மூடிய நோண்டிகினு இருந்தான் சார்" என்றான் வேலு. நான் மறுக்கவில்லை. காசிமை எங்கள் குழுவிலிருந்து நீக்கினார்கள். அவனுடைய அத்தாவை வரவழைத்துச் சொன்னார்கள். அடுத்த ஜூனில் அவன் பள்ளிக்கு வரவில்லை.

பிறகு ஒவ்வொரு முகத்தையும் சந்தேகித்தேன். வேலு உண்மையிலேயே பார்த்தானா? தலைமையாசிரியர் ஏன் பிலிமைக் காட்டச் சொல்லவில்லை? என்னைப் போல அவருக்கும் ஒரு பெயர் போதுமானதாக இருந்ததா?

ஐந்து ஆண்டுகள் கழித்து, சென்ற மாதம், டோல்கேட் அருகே ஒரு ஸ்டூடியோவில் பிலிம் வாங்க நுழைந்தேன். கல்லாவுக்குப் பின்னால் காசிம். மீசை முளைத்திருந்தது.

"நல்லா கீறீங்களா சார்?" என்றான். பிலிமை எடுத்து வைத்தான். பிறகு, தலை நிமிராமல்: "சார், அன்னிக்கி அந்த பிலிமு கறுப்பா இருந்துச்சா, வெள்ளையா இருந்துச்சா?"

இருட்டறையில் வேலை பார்ப்பவன் கேட்கிறான்...

"கறுப்பு" என்றேன்.

"அப்ப என் கைதான் சார்."

என் கேமராவை வாங்கி அவனே பிலிம் மாட்டினான். நுனியை உருளையில் செருகி, இரண்டு சுற்றுச் சுற்றி, மூடுமுன் என் பக்கம் திருப்பினான்.

"புடிச்சிகிச்சா சார்? நல்லா பாத்துக்கோங்க."

எல்லா வாடிக்கையாளருக்கும் அப்படித்தான் காட்டுவானா? கேட்கவில்லை.

அந்தத் தெளிவான பிலிம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இன்னும் அவனிடம் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.