முப்பத்திரண்டே போதும் என்கிற வாண்டா

துப்பாக்கிக் கடைக்கு யார் வந்து எதைக் கேட்டாலும் வாண்டா ஸ்டக்கி முதலில் எடுத்து வைப்பது வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடியைத்தான். கண்ணாடி மேசைக்குள் கைத்துப்பாக்கிகள் வரிசையாகப் படுத்திருக்கும். மேசையின் மேல் இந்த ஜாடி வந்து உட்காரும். "திற பாப்போம், கண்ணு." முக்கி முனகித் திறக்கிறவரின் விரல்களை, மணிக்கட்டை, தோளை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பாள். திறந்தவருக்கு ஒரு துண்டு ஊறுகாய் உண்டு. திறக்க முடியாதவருக்கும் உண்டு. அதன் பிறகுதான் எந்தத் துப்பாக்கி, குண்டின் பருமன் என்ன என்ற பேச்சு.

ஹார்லன் க்ரீக் என்ற அந்த ஊரில் அது லேசான பேச்சல்ல. முப்பத்திரண்டா, முப்பத்தெட்டா, நாற்பத்தைந்தா என்று டிரக்கின் பின்பலகையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் வாதாடுவார்கள். ஒரு மாமனாரும் மருமகனும் இதற்காக ஒரு கிறிஸ்துமஸ் முழுக்கப் பேசாமல் இருந்தார்கள். எண் ஏற ஏறக் குண்டு பெருக்கும், ஊரில் மரியாதையும் ஏறும். வாண்டாவுக்கு இது எரிச்சல். "பெருசு குறி தப்புச்சுன்னா பெரிய சத்தம் கேக்கும், அவ்வளவுதான்" என்பாள். "தினமும் உடம்போட இருக்கறதுதான் துப்பாக்கி. மத்ததெல்லாம் அலமாரிச் சாமான்."

வயது அறுபத்து மூன்று. அந்தக் கடையில் இருபத்தேழு வருடம். கழுத்தில் இரண்டு கண்ணாடிகள் தொங்கும், ஒன்று படிவம் படிக்க, இன்னொன்று குறிப்பலகை பார்க்க. பதினொரு மணிக்கு நின்றபடியே மீன் சாண்ட்விச் தின்பாள். யாராவது ரோஜா நிறத்தில் துப்பாக்கி கேட்டால், காது கேளாதவள் மாதிரி அடுத்தவரிடம் போய்விடுவாள். கடைக்குப் பின்னாலிருக்கும் சுடுதளத்தில் அவள் வைக்கும் பரீட்சை ஒன்று உண்டு. இருபத்தோரு அடி தூரத்தில் ஒரு காகிதச் சாப்பாட்டுத் தட்டு. ஐந்து நொடியில் ஐந்து குண்டும் தட்டில் விழ வேண்டும். எந்தப் பருமனில் விழுகிறதோ, அதுதான் உங்களுடையது. விழாவிட்டால் எவ்வளவு பணம் நீட்டினாலும் விற்க மாட்டாள்.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு தடவை, தட்டில் விழாமலேயே விற்றாள். தெல்மா என்ற பெண். கூட வந்த மைத்துனன் வற்புறுத்தியதால் நாற்பத்தைந்து. இரண்டே தடவை சுட்டுப் பார்த்த தெல்மா, மணிக்கட்டு நோகிறது என்று அதைச் சமையலறை இழுப்பறையில் வைத்துவிட்டாள். மளிகைக்கடை வண்டி நிறுத்தத்தில் அவளைக் கொல்லத் தேடி வந்தவன் அவளைக் கண்ட நாளில், அது அந்த இழுப்பறையில்தான் இருந்தது. வாண்டா இதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. ஆனால் அன்றிலிருந்து மைத்துனன்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்ரா வந்தாள். காசு போட்டால் இயந்திரம் துவைக்கும் சலவைக்கடையில் தனியாக வேலை பார்க்கிறவள். இடது கை எலும்பு கூடி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதை உடைத்த முன்னாள் கணவன் டுவைட் வெள்ளிக்கிழமை சிறையிலிருந்து வெளியே வருகிறான். அவளை நெருங்கக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு இருந்தது. எலும்பை உடைத்த அன்றும் அது இருந்தது. கூடவே அண்ணன் டெல்மர், தங்கையை விட இரண்டு பங்கு அகலம்.

"நாற்பத்தஞ்சு குடுங்க வாண்டாக்கா" என்றான் டெல்மர். "ஒண்ணு பட்டா எந்திரிக்கக் கூடாது."

"படணுமில்ல?"

சுடுதளத்தில் நாற்பத்தைந்தோடு நின்ற ஆட்ராவின் முதல் குண்டு தட்டுக்கு மேலே, இரண்டாவது பக்கத்துச் சுவரில், மற்றவை எங்கேயோ. துப்பாக்கியைக் கீழே வைத்தபோது கையை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். டெல்மர் மட்டும் விடுவதாயில்லை. "பழகப் பழகச் சரியாயிடும்க்கா. நான் எப்படி அடிக்கறேன் பாருங்க." வாண்டா சரி என்று சொல்லி அவனுக்குத் தோட்டா நிரப்பிக் கொடுத்தாள். நடுவில் ஒன்று மருந்தில்லாத பொய்த் தோட்டா. அதன் முறை வந்தபோது விசை சொடுக்கியது, வெடிக்கவில்லை. ஆனால் வெடிக்கப் போகிறதென்று பயந்த டெல்மரின் கை துப்பாக்கியோடு ஒரு சாண் கீழே போனதை மூன்று பேரும் பார்த்தார்கள். ஆட்ரா பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தாள். டெல்மர் சிரிக்கவில்லை.

புதனும் வியாழனும் ஆட்ரா வந்தாள். முப்பத்திரண்டு பருமனில் ஒரு சின்ன ரிவால்வர். வியாழன் மாலை தட்டில் ஐந்து துளை, ஒரு காபிக் கோப்பைக்குள் அடங்கிவிடும். "இது போதுமாக்கா?" என்றாள். வாண்டாவுக்குப் பொய் வராது. "எதுவுமே போதாது, தங்கம். ஆனா இது உன்கூட இருக்கும்."

வெள்ளிக்கிழமை டுவைட் வெளியே வந்தான். அன்றைக்கே தேவாலயத்து மீன் வறுவல் விருந்தில் டெல்மருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பொய்த் தோட்டா விவகாரம் நெஞ்சில் முள்ளாக நின்றிருக்க வேண்டும். கடைக்கார அம்மா தன் தங்கை தலையில் கொசு அடிக்கிற முப்பத்திரண்டைக் கட்டிவிட்டாள் என்று நாலு மேசைக்குக் கேட்கச் சொன்னான். தான் என்ன சொல்கிறோம், அது யார் காதுக்குப் போகும் என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை. அந்த ஊரில் துப்பாக்கிப் பருமனைப் பற்றி வாய் திறந்த ஒருவனுக்கும் அது உறைத்ததில்லை.

திங்கட்கிழமை பிற்பகல் கடையில் வேறு யாருமில்லாத நேரம் பார்த்து டுவைட் உள்ளே வந்தான். முடி வெட்டி, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தான். இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடி மேசைமேல் வைத்தான்.

"உனக்கு ஒரு தோட்டா கூட விக்க முடியாது. உத்தரவு இருக்கு."

"வாங்க வரலக்கா. சும்மா பேசத்தான். என் பொண்டாட்டி இங்க வந்தாளாமே."

"முன்னாள் பொண்டாட்டி."

"ஏதோ முப்பத்திரண்டாம்ல." அவன் சிரித்தான். "முப்பத்திரண்டு பட்டா ஆளு நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். நீங்கதான் சொல்லணும், உங்களுக்குத் தெரியாததா?"

அவன் கேள்வி கேட்கவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அது வாண்டாவுக்குப் புரிந்தது. ஐந்து துளைகளைப் பற்றி அவனிடம் சொல்லலாம். சொன்னால் நம்ப மாட்டான். வாயை மூடிக்கொண்டால் ஆமாம் என்று அர்த்தம். இருபத்தேழு வருடமாக அந்த மேசைக்குப் பின்னால் நின்று எதை மூடத்தனம் என்று திட்டினாளோ, அந்தப் பெரிய எண் ஒன்றுதான் அவன் கண்ணுக்குத் தெரியும்.

"அதுவா" என்றாள், மேசையைத் துடைத்தபடி. "சனிக்கிழமையே திருப்பிக் குடுத்துட்டா. பத்தலையாம். நாற்பத்தஞ்சு எடுத்துட்டுப் போயிருக்கா. நானே நிரப்பிக் குடுத்தேன்."

எண் அவன் முகத்தில் போய்ப் பட்டது. சிரிப்பு அங்கேயே இருந்தது, ஆனால் கண் அதை விட்டு விலகிவிட்டது. கைகளை மேசையிலிருந்து எடுத்தான். வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனான்.

வாண்டா முதலில் ஷெரிப்பின் போலீஸ் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அவன் கேள்வி கேட்டது குற்றமில்லையே என்றார் அங்கிருந்தவர், சாயங்காலம் சலவைக்கடைப் பக்கம் ஒரு வண்டி அனுப்புவதாகவும் சொன்னார். அடுத்தது டெல்மர்.

"டெல்மர், உன் தங்கச்சிகிட்ட இப்ப நாற்பத்தஞ்சு இருக்கு. ஊர் பூரா பெருமையடிச்சுக்கோ."

"அவன் அங்க வந்தானாக்கா?"

"வந்தான்."

"நான் சொன்னதைக் கேட்டுட்டா?"

"ஆமா" என்றாள் வாண்டா. ஆறுதலாக எதுவும் சொல்லத் தோன்றவில்லை. அவனுக்கு வலிக்கட்டும் என்றே இருந்தது.

மணி மூன்று கூட ஆகவில்லை. கடையைப் பூட்டினாள். சுடுதளத்து அலமாரியில் துவைத்து மடித்து அடுக்கியிருந்த துண்டுகளை அப்படியே ஒரு பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு சலவைக்கடைக்கு வண்டியை ஓட்டினாள்.

ஆட்ரா உள்ளே தனியாக இருந்தாள். வாண்டாவின் முகத்தைப் பார்த்ததுமே அவள் கை சட்டைக்கு அடியில் இடுப்புக்குப் போய் அங்கேயே நின்றது.

"பொய் சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றாள் வாண்டா. "எவ்வளவு நாள் தாங்கும்னு தெரியல."

ஆட்ரா தலையாட்டினாள். பையில் ஏற்கெனவே துவைத்திருந்த வெள்ளைத் துண்டுகளைப் பார்த்தாள், ஓர் இயந்திரத்தின் மூடியைத் திறந்து விட்டாள். வாண்டா அவற்றை ஒவ்வொன்றாக மடிப்புப் பிரித்து இயந்திரத்துக்குள் போட்டாள், காசையும் போட்டாள், அது தண்ணீர் இழுக்கத் தொடங்கும் வரை நின்றாள். பிறகு சுவரோரம் கிடந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நடுக்கூடத்துக்கு இழுத்து, வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டு, குறிப்பலகை பார்க்கும் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.